எழுபத்திரண்டு அழைப்புகள்

நுழையும்முன்

திரைப்படமோ தொலைக்காட்சித் தொடரோ படக்கதையோ எதுவாயினும், கண்டு முடித்தவுடன் ஒரு கருத்தைச் சொல்லிவிடுவது மனித இயல்பு. ‘அருமை’, ‘மோசம்’ என்று ஒற்றைச் சொல்லில் முடிந்துவிடும் அக்கருத்துக்கு வலிமை உண்டா? அத்தகைய பல கருத்துகள் ஒன்றுசேர்ந்தால் என்ன நிகழும்? சுவைஞர்களின் சொல் ஒரு கதையின் போக்கையும் சில கலைஞர்களின் வாழ்வையும் மாற்றிய நிகழ்வுகளின் வழியே இவ்வினாக்களை ஆராய்கிறது இக்கட்டுரை.

புதிய திரைப்படம் ஒன்று வெளியான மறுநாள், முதல் பாடவேளை தொடங்குவதற்கு முன்பே வகுப்பறையில் தீர்ப்புகள் வழங்கப்பட்டுவிடும். ‘முதல் பாதி நன்று, இரண்டாம் பாதி இழுவை’ என்பார் ஒருவர். ‘வில்லனின் நடிப்புக்காகவே இன்னொரு முறை பார்க்கலாம்’ என்பார் மற்றொருவர். பேச்சு சூப்பர் ஹீரோக்களின் பக்கம் திரும்பினால் சொற்போர் இன்னும் சூடேறும். சூப்பர்மேனும் பேட்மேனும் மோதினால் வெல்பவர் யார்? ஸ்பைடர்மேனாக நடித்தவர்களுள் சிறந்தவர் எவர்? இவ்வழக்குகள் தீர்ப்பின்றி ஆண்டுக்கணக்கில் நீளும். தோற்றவரும் இல்லை, வென்றவரும் இல்லை. மறுநாள் அதே வழக்கு மீண்டும் விசாரணைக்கு வரும்.

இவ்வாறு பேசுவோர் திறனாய்வாளர் அல்லர். கலையைத் தொழிலாகக் கொண்டவரும் அல்லர். எனினும் அப்பேச்சைப் பொருளற்றது என்று ஒதுக்கிவிட இயலாது. உள்ளத்து உணர்வுகள் மெய்யின்கண் வெளிப்படுவதை நகை முதல் உவகை வரை எட்டு மெய்ப்பாடுகளாகத் தொல்காப்பியம் வகுத்துரைக்கிறது. சிரிப்பதற்கும் அழுவதற்கும் எவரிடமும் சான்றிதழ் பெற வேண்டியதில்லை. ஒரு காட்சியைக் கண்டு கண்கலங்கியவர் அக்காட்சியைப் பற்றிப் பேசவும் உரிமை உடையவரே. ஆனால், உணர்வு கருத்தாகிக் கருத்து தீர்ப்பாகும்போது, அது பேசியவரோடு நின்றுவிடுவதில்லை. அத்தீர்ப்பு எத்துணைத் தொலைவு செல்லக்கூடும் என்பதற்கு 1988ஆம் ஆண்டு அமெரிக்காவில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி தக்க சான்றாகும்.

தொலைபேசி வழித் தீர்ப்பு

பேட்மேன் படக்கதைகளில் அந்நாயகனுக்குத் துணைநிற்கும் சிறுவனின் பெயர் ராபின். 1940ஆம் ஆண்டு முதன்முதலாக அறிமுகமான ராபினின் இயற்பெயர் டிக் கிரேசன். அவன் வளர்ந்து இளைஞனாகித் தனிவழி சென்றபின், அவ்விடத்தை நிரப்ப 1983ஆம் ஆண்டு ஜேசன் டாட் என்னும் சிறுவன் படைக்கப்பட்டான். சில ஆண்டுகளுக்குப் பின் அவனது முன்கதை மாற்றி எழுதப்பட்டது. புதிய கதையின்படி அவன் தெருவில் வளர்ந்த ஏழைச் சிறுவன். பேட்மேனின் வண்டிச் சக்கரங்களையே கழற்றித் திருட முயன்று பிடிபட்டவன். எளிதில் சினம் கொள்வான். சொன்ன சொல் கேளான். முதல் ராபினின் பணிவுக்கும் சிரித்த முகத்துக்கும் பழகியிருந்த வாசகர் பலருக்கு இப்புதியவனைப் பிடிக்கவில்லை. இதழுக்கு வந்த கடிதங்களில் அவ்வெறுப்பு வெளிப்பட்டது.

அப்போது பேட்மேன் இதழ்களின் பதிப்பாசிரியராக இருந்தவர் டென்னிஸ் ஓ’நீல். ஜேசனின் எதிர்காலத்தை வாசகரே முடிவு செய்யட்டும் என்று டி.சி. காமிக்ஸ் நிறுவனம் தீர்மானித்தது. ஜிம் ஸ்டார்லின் எழுத, ஜிம் அபாரோ வரைந்த கதையில், தன்னைப் பெற்ற தாயைத் தேடிச் செல்லும் ஜேசன், ஜோக்கர் என்னும் கொடியவனிடம் சிக்கிக்கொள்கிறான். கடுமையாகத் தாக்கப்பட்ட அவன் இருக்கும் கிடங்கு வெடித்துச் சிதறுகிறது. பேட்மேன் 427ஆம் இதழ் அவ்விடத்தில் முடிந்தது. இதழின் பின்னட்டை உட்புறத்தில் இரண்டு தொலைபேசி எண்கள் அச்சிடப்பட்டிருந்தன. ஜேசன் பிழைக்க வேண்டும் என விரும்புவோர் ஓர் எண்ணையும், இறக்க வேண்டும் என விரும்புவோர் மற்றோர் எண்ணையும் அழைக்க வேண்டும். ஓர் அழைப்புக்குக் கட்டணம் 50 சென்ட். செப்டம்பர் 15, 16 ஆகிய இரு நாள்களில் அழைப்புகள் ஏற்கப்பட்டன.

கதையின் அடுத்த பகுதி இருவகையாகவும் முன்னரே வரையப்பட்டுக் காத்திருந்தது. ஒன்றில் பேட்மேன் இடிபாடுகளுக்கிடையே உயிருள்ள சிறுவனைக் கண்டெடுக்கிறார். மற்றொன்றில் உயிரற்ற உடலைத் தூக்கி வருகிறார். எது அச்சேறும் என்பதை அழைப்புகளின் எண்ணிக்கை முடிவு செய்யும். மொத்தம் 10,614 அழைப்புகள் வந்தன. பிழைக்கட்டும் என்றவை 5,271. இறக்கட்டும் என்றவை 5,343. எழுபத்திரண்டு அழைப்புகள் மிகுந்தமையால் ஜேசன் டாட் இறந்தான்.

காரணம் கேளாத எண்கள்

இந்த எண்களைச் சற்று நிதானமாக நோக்க வேண்டும். முப்பத்தேழு அழைப்புகள் மட்டும் எண் மாறிச் சென்றிருந்தால் அச்சிறுவன் பிழைத்திருப்பான். மேலும், ஒருவர் ஒருமுறைதான் அழைக்கலாம் என்னும் கட்டுப்பாடு அவ்வாக்கெடுப்பில் இல்லை. ஒருவர் தம் கணினியைக் கொண்டு ‘இறக்கட்டும்’ எண்ணை மீண்டும் மீண்டும் அழைக்கச் செய்தார் என்று தாம் கேள்விப்பட்டதாக ஓ’நீலே பின்னாளில் கூறியுள்ளார். அச்செய்தி மெய்யாயின், பெரும்பான்மையின் தீர்ப்பு என்று கருதப்பட்டது, பொழுது மிகுந்திருந்த ஒரு மனிதரின் பிடிவாதமாக இருக்கவும் கூடும்.

அதனினும் ஆழமான குறை ஒன்று அவ்வாக்கெடுப்பின் அமைப்பிலேயே இருந்தது. தொலைபேசி எண் ‘ஏன்?’ என்று கேட்கவில்லை. ஜேசனின் குணம் பிடிக்காதவரும், கதை விறுவிறுப்பாக அமையட்டும் என விரும்பியவரும், இப்படியும் ஒரு நிறுவனம் செய்துவிடுமா என்று சோதித்துப் பார்த்தவரும், வேடிக்கைக்காக எண்ணைச் சுழற்றியவரும் ஒரே எண்ணிக்கையில் சேர்க்கப்பட்டனர். பிழைக்கட்டும் என்றவர்களுள்ளும் அவனை நேசித்தவர் இருந்திருப்பர். ஒரு சிறுவனைக் கொல்வது தகாது என்று எண்ணியவரும் இருந்திருப்பர். அவர்களின் காரணங்களும் பதிவாகவில்லை. ஒரு பாத்திரம் ஏன் மனத்தில் ஒட்டவில்லை, எழுதியவர் எங்கே தவறினார், அவனை வேறு எவ்வாறு வளர்த்திருக்கலாம் என்பன போன்ற பயனுள்ள வினாக்கள் அனைத்தும் உயிரா, சாவா என்னும் ஒற்றை வினாவுக்குள் அடங்கிப்போயின.

இதழ் வெளியானபின் எதிர்ப்பு எழுந்தது. ஒரு சிறுவனின் இறப்பை வாக்கெடுப்புக்கு விட்டது முறையா என்று பலரும் வினவினர். படக்கதைகளையே படித்தறியாதோரும், ‘ராபினைக் கொன்றுவிட்டார்கள்’ என்னும் செய்தி கேட்டு வருந்தினர். அவர்கள் அறிந்திருந்த ராபின் பழைய தொலைக்காட்சித் தொடரில் வந்த டிக் கிரேசன்; இறந்தவனோ வேறொருவன். அவ்வேறுபாட்டை எடுத்துச்சொல்லவும் அவ்வாக்கெடுப்பில் இடமில்லை. 2005ஆம் ஆண்டில் ஜேசன் டாட் கதைக்குள் மீண்டும் உயிரோடு கொண்டுவரப்பட்டான். அவன் பிழைப்பதாக அன்று வரையப்பட்டு அச்சேறாமல் இருந்த முடிவை உள்ளடக்கிய பதிப்பும் 2023ஆம் ஆண்டில் வெளிவந்தது. தொலைபேசி அளித்த தீர்ப்பைக் காலம் மறுபரிசீலனை செய்தது எனலாம்.

கடிதம் காத்த தொடர்

சுவைஞர் கருத்து அழிக்க மட்டுமே பயன்படும் என்று இதனால் முடிவு செய்துவிடல் ஆகாது. அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன் அதே நாட்டில் நிகழ்ந்தது வேறு வகையானது.

1966ஆம் ஆண்டு செப்டம்பரில் என்.பி.சி. தொலைக்காட்சியில் ‘ஸ்டார் டிரெக்’ என்னும் அறிவியல் புனைவுத் தொடர் தொடங்கியது. ஜீன் ராடன்பெரி உருவாக்கிய அத்தொடரில், பல நாட்டவரும் பல இனத்தவரும் ஒரே விண்கலத்தில் இணைந்து பணியாற்றினர். இனவேற்றுமை மிக்கிருந்த அக்காலத்தில் அக்காட்சியே ஒரு புதுமை. எனினும் பார்வையாளர் எண்ணிக்கை எதிர்பார்த்த அளவு உயரவில்லை. இரண்டாம் ஆண்டின் நடுவில் தொடர் நிறுத்தப்படக்கூடும் என்னும் செய்தி பரவியது.

ஜான் டிரிம்பிள், பிஜோ டிரிம்பிள் என்னும் சுவைஞர் இணையர் கடித இயக்கம் ஒன்றைத் தொடங்கினர். ஒருவர் பத்துப் பேரிடம் சொல்ல வேண்டும்; அப்பத்துப் பேரும் ஆளுக்குப் பத்துப் பேரிடம் சொல்ல வேண்டும். இவ்வெளிய முறையால் கடிதங்கள் மூட்டை மூட்டையாக வந்து குவிந்தன. கலிபோர்னியா தொழில்நுட்பக் கழக மாணவர்கள் தொலைக்காட்சி நிலையத்துக்கு ஊர்வலமாகச் சென்றனர். 1968ஆம் ஆண்டு மார்ச் முதல் நாளன்று, தொடர் மேலும் ஓர் ஆண்டு நீடிக்கும் என்று நிலையமே ஒளிபரப்பின் இறுதியில் அறிவித்தது.

மூன்றாம் ஆண்டோடு தொடர் முடிந்துவிட்டது உண்மையே. ஆனால் அம்மூன்று ஆண்டுகளில் சேர்ந்த 79 பகுதிகள் பிற நிலையங்களில் மறுஒளிபரப்பாகப் போதுமானவையாக இருந்தன. மறுஒளிபரப்பில்தான் அது பெரும்புகழ் பெற்றது. பிற்காலத்தில் வந்த திரைப்படங்களும் புதிய தொடர்களும் அப்புகழில் முளைத்தவை. 1976ஆம் ஆண்டு அமெரிக்காவின் முதல் விண்ணோடத்துக்கு வேறு பெயர் கருதப்பட்டிருந்த நிலையில், சுவைஞர் கடிதங்களின் வேண்டுகோளை ஏற்று, தொடரில் வரும் விண்கலத்தின் பெயரான ‘எண்டர்பிரைஸ்’ சூட்டப்பட்டது.

கடிதத்துக்கும் தொலைபேசி எண்ணுக்கும் உள்ள வேறுபாடு இங்கே கருதத்தக்கது. கடிதம் எழுதுபவர் அமர வேண்டும், எண்ண வேண்டும், தமக்கு அத்தொடர் ஏன் வேண்டும் என்பதைத் தம் சொற்களில் சொல்ல வேண்டும். முகவரி எழுதி, அஞ்சல்தலை ஒட்டி, அஞ்சல் பெட்டி வரை நடக்க வேண்டும். அத்துணை உழைப்பையும் கடந்து வந்த கருத்தில் காரணமும் உடன்வந்தது. எண்ணிக்கையோடு அன்பின் ஆழத்தையும் படிப்போர் உணர முடிந்தது.

தெரிந்து தெளிவோம்

தமிழில் படக்கதை வாசிப்புக்குப் பெரிதும் துணைநின்ற ஊர் சிவகாசி. அங்கிருந்து 1972ஆம் ஆண்டு முத்து காமிக்ஸ் வெளிவரத் தொடங்கியது. அதன் முதல் வெளியீடு ‘இரும்புக்கை மாயாவி’. இங்கிலாந்தில் வெளிவந்த படக்கதையின் தமிழாக்கம் இது. 1984ஆம் ஆண்டு லயன் காமிக்ஸ் தொடங்கப்பட்டது. வாசகர் கடிதங்களை வெளியிடும் மரபு இவ்விதழ்களிலும் உண்டு.

காணாமல் சொன்ன தீர்ப்பு

கடிதமாயினும் அது எப்போது எழுதப்படுகிறது என்பதும் முதன்மையானது. ஜேசன் டாட் இறந்த அதே 1988ஆம் ஆண்டில் பேட்மேன் சுவைஞர்களுக்கு மற்றொரு சினமும் இருந்தது. இயக்குநர் டிம் பர்ட்டன் எடுக்கவிருந்த பேட்மேன் திரைப்படத்தில் நாயகனாக மைக்கேல் கீட்டன் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தார். அவர் அதுவரை பெரிதும் நகைச்சுவை வேடங்களால் அறியப்பட்டவர். கட்டுடலும் கம்பீரத் தோற்றமும் உடைய ஒருவரை எதிர்பார்த்திருந்தோர் கொதித்தெழுந்தனர். தயாரிப்பு நிறுவனத்துக்கு ஏறத்தாழ 50,000 எதிர்ப்புக் கடிதங்கள் வந்ததாகக் கூறப்படுகிறது.

அவர்தம் அச்சம் முற்றிலும் காரணமற்றதன்று. 1966ஆம் ஆண்டுத் தொலைக்காட்சித் தொடர் பேட்மேனைக் கேலி கலந்த வேடிக்கைப் பாத்திரமாகக் காட்டியிருந்தது. தாம் மதிக்கும் நாயகன் மீண்டும் நகைப்புக்குரியவனாக ஆக்கப்படுவானோ என்று அவர்கள் அஞ்சினர். அச்சம் இயல்பானது, ஆனால், அச்சத்தைத் தீர்ப்பாக எழுதியதே பிழை. திரைப்படத்தின் ஒரு காட்சியைக்கூட அவர்கள் கண்டிருக்கவில்லை.

1989ஆம் ஆண்டு ஜூன் மாதம் படம் வெளியாகிப் பெருவெற்றி பெற்றது. மிகுதியாகப் பேசாத, உள்ளுக்குள் துயரைச் சுமக்கும் மனிதராகக் கீட்டன் நடித்திருந்தார். முகமூடிக்கு வெளியே தெரியும் கண்களாலும் வாயாலும் அவர் காட்டிய உணர்ச்சி, பருத்த தோள்களை மறக்கச் செய்தது. முப்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து, 2023ஆம் ஆண்டு வெளியான ‘தி ஃபிளாஷ்’ திரைப்படத்தில் அவரே மீண்டும் அவ்வேடத்தில் தோன்றினார். அதனை அந்நாயகனின் நெடுநாள் சுவைஞர் பலர் வரவேற்றனர்.

காணும் முன் சொல்லும் கருத்து முன்கணிப்பே தவிரத் தீர்ப்பு ஆகாது. முன்கணிப்பைத் தவறு என்று தள்ள வேண்டியதில்லை. ‘இவ்வேடத்துக்கு இவர் பொருந்துவாரா?’ என்று ஐயுறலாம். பார்த்தபின் அந்த ஐயத்தை மறுபடி எடுத்து எடைபோட்டு, தேவையாயின் மாற்றிக்கொள்ளும் மனம் வேண்டும். கருத்தை மாற்றிக்கொள்வதைத் தோல்வியாக எண்ணுவோர், கலையிடமிருந்து புதியதாக எதையும் பெற இயலாது.

மருத்துவமனையில் பிறந்த வினா

போகிற போக்கில் சொல்லும் கருத்து எவ்வாறு அறிவாக வளரக்கூடும் என்பதற்கு ஒரு சிறுவனின் வாழ்வு எடுத்துக்காட்டாகும். 1964ஆம் ஆண்டு, அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில், எஃகு ஆலைத் தொழிலாளியின் மகனான ஜிம் ஷூட்டர் என்னும் பன்னிரண்டு வயதுச் சிறுவன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டான். சிறுவர் பிரிவில் படக்கதை இதழ்கள் குவிந்து கிடந்தன. சூப்பர்மேன் முதலிய நாயகர்களைக் கொண்ட டி.சி. நிறுவன இதழ்கள் ஏறக்குறைய புதியவைபோல் இருந்தன. மார்வெல் நிறுவன இதழ்களோ பல கைகள் பட்டு, முனை மடங்கிக் கிழிந்து நைந்திருந்தன.

அங்கிருந்த மற்ற சிறுவரும் அதனைக் கண்டிருப்பர். ‘மார்வெல்தான் நன்றாக இருக்கும்’ என்று சொல்லிவிட்டு அடுத்த இதழைப் புரட்டியிருப்பர். ஷூட்டர் அங்கே நின்று ஒரு வினா எழுப்பினான். ஓர் இதழ் நைந்துபோகும் அளவுக்கு ஏன் படிக்கப்படுகிறது? மற்றொன்று ஏன் தொடப்படாமல் கிடக்கிறது?

ஏறத்தாழ ஓராண்டுக் காலம் அவன் இருவகை இதழ்களையும் ஒப்பிட்டுப் படித்தான். அன்றைய டி.சி. கதைகள் பலவற்றில் நாயகர்களின் ஆற்றல் வேறுபட்டதே தவிர, அவர்தம் குணமும் பேச்சும் வேறுபடவில்லை. மார்வெல் கதைகளிலோ நாயகர்களும் கவலைப்பட்டனர்; தமக்குள் சண்டையிட்டனர்; பணமின்றித் தவித்தனர். ஸ்பைடர்மேனாகிய பீட்டர் பார்க்கருக்கு எதிரிகளைக் காட்டிலும் வீட்டுச் செலவும் முதிய அத்தையின் உடல்நலமும் பெருங்கவலை. வாசகர் தம் வாழ்வை அங்கே கண்டனர். இதனை உணர்ந்த ஷூட்டர், குறைந்த வரவேற்புடைய டி.சி. இதழுக்கு மார்வெலின் முறையில் கதை எழுதினால் ஏற்பார்கள் என்று கணக்கிட்டான். கதையை எழுதிப் படமாகவும் கோடிட்டு அனுப்பினான். டி.சி. நிறுவனம் அதனை விலைக்கு வாங்கியது. 1966ஆம் ஆண்டு அக்கதை வெளியானபோது அவனுக்கு வயது பதினான்கு. கிடைத்த ஊதியம் குடும்பத்துக்கு உதவியது. 1978ஆம் ஆண்டு அவர் மார்வெல் நிறுவனத்தின் தலைமைப் பதிப்பாசிரியர் ஆனார்.

‘இது நன்று, அது நன்றன்று’ என்னும் கருத்தில் மட்டும் நின்றிருந்தால் ஷூட்டரும் அப்பிரிவில் இருந்த பல சிறுவருள் ஒருவராகவே இருந்திருப்பார். ‘ஏன்’ என்னும் ஒரு சொல் சுவைஞரைப் படைப்பாளர் ஆக்கியது.

பாத்திரமும் மனிதரும்

படைப்பைப் பற்றிய கருத்து படைப்போடு நிற்கும்வரை, அது எத்துணைக் கடுமையாயினும் திறனாய்வே. அது படைப்பில் பங்கேற்ற மனிதரின் மீது பாயும்போது வேறொன்றாக மாறிவிடுகிறது.

2017ஆம் ஆண்டு வெளியான ‘ஸ்டார் வார்ஸ்’ வரிசைப் படமொன்றில் கெல்லி மேரி டிரான் என்னும் வியட்நாமிய மரபுவழி அமெரிக்க நடிகை நடித்தார். அவர் ஏற்ற பாத்திரம் சிலருக்குப் பிடிக்கவில்லை. பாத்திரம் பிடிக்காமற்போவதில் தவறில்லை. அது கதையில் தேவையா என்று வினவுவதிலும் தவறில்லை. ஆனால் அவருடைய இனத்தையும் தோற்றத்தையும் இழித்துரைத்து எண்ணற்ற வசைமொழிகள் சமூக ஊடகத்தில் அவரை நோக்கி வீசப்பட்டன. 2018ஆம் ஆண்டு அவர் தம் பக்கத்தில் இட்டிருந்த பதிவுகளை எல்லாம் நீக்கிவிட்டு விலகினார். பின்னர் செய்தித்தாளில் எழுதிய கட்டுரையில், அச்சொற்களைத் தாமே நம்பத் தொடங்கியதையும், அதிலிருந்து மீண்டதையும் வெளிப்படையாக எடுத்துரைத்தார். ஜேசன் டாட் காகிதத்தில் வரையப்பட்ட சிறுவன். எழுத்தாளர் நினைத்தால் மீண்டும் உயிர்பெறுவான். மனிதர் மீது பட்ட காயத்தை அவ்வாறு அழித்து எழுத இயலாது.

அதே சுவைஞர் கூட்டம் மனிதருக்காகக் குரல் கொடுத்த வரலாறும் உண்டு. சூப்பர்மேனைப் படைத்தவர்கள் ஜெரி சீகல், ஜோ ஷஸ்டர் என்னும் இருவர். கிளீவ்லாந்து நகரப் பள்ளியொன்றில் உடன்பயின்ற அவர்கள், அறிவியல் புனைவு இதழ்களின் தீவிர வாசகர்கள். மாணவப் பருவத்திலேயே தாமாகச் சிற்றிதழ் ஒன்றை நடத்தியவர்கள். 1938ஆம் ஆண்டு 13 பக்கக் கதையோடு சூப்பர்மேன் பாத்திரத்தின் உரிமையையும் 130 டாலருக்கு விற்றனர். அந்நாயகனால் பிறர் பெருஞ்செல்வம் ஈட்டினர். படைத்தவர்களோ முதுமையில் வறுமையுற்றனர். ஷஸ்டருக்குப் பார்வையும் மங்கியது.

1975ஆம் ஆண்டு, பெரும்பொருட்செலவில் சூப்பர்மேன் திரைப்படம் எடுக்கப்படவிருந்த வேளையில், தங்கள் நிலையைச் சீகல் பொதுமக்களிடம் எடுத்துரைத்தார். ஓவியர்கள் நீல் ஆடம்ஸ், ஜெரி ராபின்சன் ஆகியோர் அவர்களுக்காகப் போராடினர். 1940ஆம் ஆண்டு ராபின் பாத்திரத்தின் உருவாக்கத்தில் பங்கேற்றவரே இந்த ராபின்சன். செய்தி பரவியது, படித்து வளர்ந்தோர் வெகுண்டனர். பொதுமக்கள் கருத்தின் அழுத்தத்தால் அவ்வாண்டு டிசம்பரில் நிறுவனம் இறங்கிவந்தது. இருவருக்கும் ஆளுக்கு ஆண்டுக்கு 20,000 டாலர் வழங்கவும், சூப்பர்மேன் கதைகளில் அவர்தம் பெயர்களைப் பொறிக்கவும் ஒப்புக்கொண்டது. உலகைக் காக்கும் நாயகனைப் படைத்த இருவரை, அந்நாயகனை நேசித்தோரின் குரல் முதுமையில் காத்தது.

சொல்லின் பொறுப்பு

தொலைபேசி எண்ணைச் சுழற்றும் காலம் கடந்துவிட்டது. இன்று கட்டைவிரலின் ஓர் அசைவு போதும், கட்டணமும் இல்லை. விருப்பக்குறி, ஐந்துக்கு எத்தனை விண்மீன் என்னும் மதிப்பெண், சிரிக்கும் முகம், சினக்கும் முகம் ஆகியவை எல்லாம் 1988ஆம் ஆண்டின் அவ்விரு எண்களுக்கு உறவினர்களே. அவையும் காரணம் கேட்பதில்லை. எண்ணிக்கையை மட்டும் கூட்டிக்கொண்டே செல்கின்றன. வெளியாகிச் சில மணி நேரமே ஆன திரைப்படத்தின் வெற்றி தோல்வியை அவ்வெண்ணிக்கை உரைத்துவிடுவதாக நம்புவோரும் பலர்.

எனவே, காரணத்தைக் கருவி கேட்காதபோது சொல்பவரே தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டியுள்ளது. படைப்பை முழுமையாகக் கண்டபின் இக்கருத்து எழுந்ததா? பிடிக்கவில்லை என்பது உணர்வா, நன்றன்று என்பது மதிப்பீடா? சொல்லப்படுவது பாத்திரத்தைப் பற்றியா, மனிதரைப் பற்றியா? அம்மனிதர் எதிரில் அமர்ந்திருந்தாலும் இதே சொற்களைச் சொல்ல இயலுமா? இவ்வினாக்களுக்கு விடை காண நெடுநேரம் ஆவதில்லை. அஞ்சல் பெட்டி வரை நடக்க ஆகும் நேரம்கூட வேண்டியதில்லை.

இதனால் நண்பர்களுக்கிடையேயான கலகலப்பான பேச்சு குறைந்துவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. ‘பேட்மேன்தான் சிறந்தவர்’ என்று ஒருவர் சொன்னவுடன், ‘ஏன்?’ என்று மற்றவர் கேட்டால் வழக்கு இன்னும் சுவையாகும். ‘அவருக்கு வானில் பறக்கும் ஆற்றல் இல்லை, பயிற்சியாலும் அறிவாலும் வெல்கிறார்’ என்று விடை வரும். ‘ஆற்றல் அனைத்தும் இருந்தும் அதனைத் தவறாகப் பயன்படுத்தாமல் இருப்பதன்றோ பெரிது?’ என்று சூப்பர்மேன் பக்கத்தார் மறுப்பர். அந்நொடியில், முகமூடி அணிந்த கற்பனை மனிதர்களை விட்டு, மனித ஆற்றலையும் அடக்கத்தையும் பற்றிய பேச்சாக அது உயர்ந்துவிடுகிறது. முதல் பாடவேளையின் மணி அடிக்கும் முன்பே ஒரு பாடம் நிகழ்ந்துவிடுகிறது.

ஜேசன் டாட்டின் இறப்புக்காக எண்ணைச் சுழற்றிய ஒவ்வொருவரும், பல்லாயிரம் பேருள் தம் ஓர் அழைப்பு எதை மாற்றிவிடப்போகிறது என்றே எண்ணியிருப்பர். அழைக்க எண்ணி அழைக்காமல் விட்டவர்களும் அவ்வாறே எண்ணியிருப்பர். முடிவில் கணக்கைக் கூட்டியபோது வேறுபாடு எழுபத்திரண்டு மட்டுமே. ஒரு பெரிய வகுப்பறையில் அமரக்கூடியவர்களின் எண்ணிக்கை அது.

கற்பவை கற்றபின்

1. அண்மையில் கண்ட திரைப்படம் அல்லது தொடர் ஒன்றைப் பற்றிய கருத்தை ஒரே சொல்லில் எழுதுக. பின்னர் அக்கருத்துக்கான மூன்று காரணங்களைப் படைப்பிலிருந்து சான்று காட்டி எழுதுக.

2. ‘ஒரு கதையின் முடிவை வாசகர் வாக்கெடுப்பால் தீர்மானிக்கலாமா?’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.

3. ஒரு நடிகரைப் பற்றியும் அவர் ஏற்ற பாத்திரத்தைப் பற்றியும் வெளிவரும் கருத்துகளைத் தொகுத்து, திறனாய்வு எது, வசை எது என வகைப்படுத்துக.

4. மிகவும் விரும்பிய கதை ஒன்றை இயற்றிய எழுத்தாளருக்கு அல்லது ஓவியருக்கு, அது ஏன் பிடித்தது என்பதை விளக்கிக் கடிதம் எழுதுக.